தேன் கற்பிக்கும் நீதி

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளில் மன்னர்கள் கோட்டை கட்டினர். அவர்தம் படைகள் மறைந்தன. பாறை முகட்டிலே கோட்டை கட்டும் இன்னொரு படை உலகில் இன்றும் மறையவில்லை, அது மலைத்தேனீ.

திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயத்திற்குத் தேனீயின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மலை, மரம், மனிதர் அமைப்பவை என அதன் உறைவிடங்களும் அங்கே சுட்டப்பெறுகின்றன. மலையடையைத் தீப்பந்தத்தால் கருக்கி, புழுக்களோடு பிழிந்தெடுப்பது பழைய வழக்கம். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. நிலையம் பெட்டிமுறையைப் பரப்பியது. இம்முறையில் மேலுள்ள தேனறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, கருவியிலிட்டுச் சுழற்றித் தேன் வடிப்பர். கீழுள்ள புழுவறையைத் தீண்டார்; வெற்றடையையும் கூட்டுக்கே திருப்பித் தருவர்.

தேன் பண்ணையைக் காணச் செல்வோரே! சுவைத்து, வாங்கி, மகிழ்ந்து திரும்புகிறீர்கள். நன்று. ஆயின், “தேனீக்குரிய பங்கை விட்டுவைத்தீர்களா?” என்று ஒருமுறையேனும் வினவினீர்களா? ஆயுள் முழுதும் உழைத்தும் ஒரு தேக்கரண்டித் தேனைக்கூட ஒரு தேனீயால் சேர்க்க இயலாது. அத்தகைய எளிய உழைப்பாளியின் குஞ்சுகளை அழித்துப் பெறும் தேனில் இனிமை இருக்கலாம், நீதி இராது.

பொருள் ஹலாலாய் இருந்தால் போதுமா? அதைப் பெறும் வழியும் தூயதாய் இருத்தல் வேண்டாமா? செஞ்சி உழவரும் எள் வயலோரம் தேனீப் பெட்டி வைக்கட்டும். தேனீயை வாழவிட்டுத் தாமும் வாழும் வழி அதுவே.