ஓரியின் வில்லும் நம் கம்பிக் கண்ணியும்

எங்கள் தோட்டத்து இளைஞர் சிலருக்கு ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. முதுகில் மூட்டையும் கையில் வில்லுமாய் அமெரிக்க மலைகளில் திரிந்து மான் அடித்து வருவோரின் படங்களைக் கைப்பேசியில் கண்டு, "நாமும் வில்லெடுத்துக் காடேகினால் என்ன?" என்று கேட்கிறார்கள். சென்ற மாதம் ரந்தாவில் நடந்த ஒரு கூட்டத்தில் மேடைப் பேச்சாளர் ஒருவர் இந்த நெருப்பில் எண்ணெயும் வார்த்தார். "வில் தமிழனுடைய சொத்து! வல்வில் ஓரியின் வழிவந்தோருக்கு வேட்டையை யார் கற்றுத்தர வேண்டும்?" என்றார். கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. நான் கைதட்டவில்லை. அதற்குக் காரணம் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

ஆங்கிலம் வழியே படித்த எனக்குப் பள்ளியில் அறிமுகமான வில்லாளி ராபின் ஹூட். கொல்லிமலை ஓரியை நான் கண்டது பிற்காலத்தில், கிராணி வேலைக்கு வந்த பிறகு, சொந்த முயற்சியில் புறநானூறு படித்தபோதுதான். வன்பரணர் பாடிய அந்த 152ஆம் பாட்டில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓர் அம்பு ஊடுருவுகிறது. மேடைக்கு வேண்டியது அவ்வளவே. ஆனால் பாட்டு அங்கே முடியவில்லையே! பாணர்கள் அவனைப் புகழ்கிறார்கள். தன் பெயர் கேட்டு அவன் நாணுகிறான். வேட்டையில் கிடைத்த மானிறைச்சியைச் சமைத்து அவர்களுக்கு அளித்துப் பொன்னும் தருகிறான். ஐந்து விலங்கும் ஓரம்பும் புலவனின் கற்பனையாகலாம். புகழுக்கு நாணியதும், கொன்றதைப் பகிர்ந்ததுமே வேட்டுவனின் ஒழுக்கம். நம் பேச்சாளர் அம்பை எடுத்துக்கொண்டார், நாணத்தைப் போட்டுவிட்டார்.

வில்வேட்டை எத்தகைய தொழில் என்பதைச் சற்று ஆராய்வோம். துப்பாக்கிக்காரன் தொலைவில் நின்று சுடுவான். வில்லாளியோ இருபது முப்பது கெஜ தூரத்திற்குள் நெருங்கியாக வேண்டும். காற்று தன்னிடமிருந்து விலங்கின் பக்கம் வீசினால் அன்றைய உழைப்பு வீண். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குப் பின்னே நுரையீரலும் இதயமும் உள்ள சிறிய இடத்தில் அம்பு பாயவேண்டும். அம்பு கொல்வது அதிர்ச்சியால் அன்று, குருதிப் பெருக்கால். ஆகவே எய்தவுடன் பின்னால் ஓடலாகாது. அரைமணி நேரமேனும் அசையாது காத்திருந்து, பிறகு இலையிலும் புல்லிலும் குருதித் துளியைத் தேடித் தேடிச் செல்லவேண்டும். வீழ்ந்ததை அங்கேயே அறுத்து, இறைச்சி கெடுமுன் தன் முதுகிலேயே சுமந்து வரவேண்டும். இதற்காக மாதக்கணக்கில் நாள்தோறும் இலக்கில் எய்து பழகுகிறார்கள். அப்படிப் பழகியும் முதலாண்டில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கைப்பேசிப் படம் இந்த வெறுங்கையைக் காட்டுவதில்லை.

நிற்க. அமெரிக்காவில் இந்தக் கலை எப்படிப் புத்துயிர் பெற்றது? 1911ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே இஷி என்னும் மனிதர் பசியோடு வெளிப்பட்டார். யாஹி என்ற பழங்குடியில் எஞ்சியவர் அவர் ஒருவரே. ஏனையோர் வெள்ளைக் குடியேறிகளால் அழிந்தனர். அவரிடம் வில்லும் அம்பும் செய்யக் கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். போப் 1923இல் வில்வேட்டையைப் பற்றி நூல் எழுதினார். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே மான்வேட்டைப் பருவம் வகுத்தது. இன்று அந்நாட்டு மத்திய அரசின் வசமுள்ள நிலம் அறுபது கோடி ஏக்கருக்கும் மேல். அதில் பெரும்பகுதியில், அனுமதிச் சீட்டு வாங்கிய ஏழைத் தொழிலாளியும் வேட்டையாடலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி வாங்குவோரும், 1970களிலிருந்து வில் அம்பு வாங்குவோரும் செலுத்தும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொதுநிலம் ஒருகாலத்தில் இஷியைப் போன்றோரின் வீடாக இருந்தது என்பதை மறந்து பாராட்டலாகாது.

இங்கே நம் நிலை என்ன? நாம் வேலை செய்யும் செம்பனைத் தோட்டம் கம்பெனியின் நிலம். அதற்கப்பால் ரெம்பாவ் பக்கத்துக் குனோங் டத்தோக் போன்ற மலைகளின் ஒதுக்குக்காடு மாநிலத்தின் நிலம். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்கீழ் உள்ள நிரந்தர ஒதுக்குக்காட்டில் நுழையவே அனுமதி வேண்டும். நமக்கு முன்னே இக்காடுகளில் வாழ்ந்த தெமுவான் மக்களுக்கோ தங்கள் சொந்த மண்ணே வழக்காயிற்று. செலாங்கூரில் டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் 1995இல் நெடுஞ்சாலைக்காக நிலம் பறிபோனபோது, சாகோங் தாசியும் அவருடைய உறவினரும் வழக்காடினார்கள். அவர்களது மரபுவழி நில உரிமையை 2002இல் உயர்நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. பொதுநிலம் என்று சொல்லுமுன் அது யாருடைய வயிற்றை நிரப்பிய நிலம் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இனி நம் வீட்டு அழுக்கைச் சொல்லுகிறேன். ஓரியின் வழிவந்தோராகிய நாம் தோட்டத்து ஓரங்களில் எதைக் கொண்டு வேட்டையாடுகிறோம்? கம்பிக் கண்ணியைக் கொண்டு! எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் சித்தப்பா மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டுப் பன்றிக்கென்று வைத்தார். மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாள் பார்க்கப் போகவில்லை. நான்காம் நாள் என்னையும் அழைத்துப் போனார். பன்றி இல்லை. கிஜாங் எனப்படும் சிறுமான் ஒன்று, கால் எலும்புவரை அறுபட்டு, புழுத்துக் கிடந்தது. சுற்றியிருந்த மண் முழுதும் அது உதைத்து உழுத தடம். அவ்வழியே வந்த தெமுவான் முதியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் சாப்பிடப் போகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகியும் எனக்கும் பதில் கிடைக்கவில்லை.

கண்ணிக்குக் கண் இல்லை. அது பன்றியென்றும் மானென்றும் அறியாது. சினையென்றும் குட்டியென்றும் அறியாது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் இந்நாட்டுக் காடுகளில் எஞ்சிய புலிகள் நூற்றைம்பதுக்கும் குறைவென்று கண்டார்கள். அவற்றை அழித்தவற்றுள் இந்தக் கம்பிக்குப் பெரும்பங்குண்டு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைக் குற்றமாக்கியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதிப் பத்திரமின்றி வேட்டையாடுவதும் குற்றம். குடும்பத்தின் உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளைப் பிடிக்கும் விலக்கு பூர்வகுடிகளுக்கு மட்டுமே உண்டு, நமக்கில்லை.

"பன்றி நம் மரவள்ளியைத் தோண்டித் தின்கிறதே, கண்ணி வைக்காமல் என்ன செய்வது?" என்பர் சிலர். வேலி கட்டுங்கள், வனவிலங்கு இலாகாவில் புகார் கொடுங்கள். "உயிர்க்கொலையே பாவம், வில்லென்ன கண்ணியென்ன?" என்பர் வேறு சிலர். ஞாயிறுதோறும் சந்தையில் கோழியை வெட்டி வாங்கிக்கொண்டு, கொன்ற கறையை மட்டும் கடைக்காரன் தலையில் கட்டும் இந்தப் புண்ணியவான்களோடு எனக்கு வழக்கில்லை. தான் உண்பதன் மரணத்தை நேரில் கண்டு, அதற்குப் பொறுப்பேற்கும் வேட்டுவன் இவர்களைவிட நேர்மையானவன்.

வேட்டைக்காரன் காவலனாக மாறிய கதையும் இம்மண்ணில் உண்டு. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் 1905இல் யானை, காட்டெருமை வேட்டையைப் பற்றி நூல் எழுதியவர். அவரே 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தின் விசாரணையை நடத்தினார். இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா அமைய இடைவிடாது போராடினார். துரைமார் செய்ததெல்லாம் நமக்கு வழிகாட்டியன்று. ஆயினும் காட்டை நன்கறிந்தவனே அதற்காக வாதாட முடியும் என்பதற்கு அவர் சான்று.

ஆகவே, வில்லாசை கொண்ட தம்பிமாரே! உங்கள் ஆசையை நான் பழிக்கவில்லை. தொடங்கும் வரிசையைத்தான் மாற்றச் சொல்லுகிறேன். முதலில் நம் தோட்டத்து ஓரங்களில் கிடக்கும் கண்ணிகளை இலாகாவுக்குக் காட்டிக்கொடுத்து அகற்றச் செய்யுங்கள்; வைத்தவர் சொந்த மாமனானாலும் சரியே. அடுத்து, தெமுவான் மூத்தவர்களிடம் மாணவராய்ச் சென்று தடமும் காற்றும் மரமும் படியுங்கள். மூன்றாவதாக, திடலில் வைக்கோல் இலக்கு வைத்து ஓராண்டு எய்யுங்கள். அதன் பிறகு, எந்த விலங்கு, எந்தப் பருவம், எந்தக் கருவி, எந்த நிலம் என்று இலாகாவில் எழுத்து மூலம் கேளுங்கள். கூடாதென்று பதில் வந்தால் திடலோடு நில்லுங்கள். திடலில் நிற்கும் வில்லாளிக்கும் இழிவில்லை.

இவற்றையெல்லாம் செய்து முடித்த இளைஞன் ஒருவன், தன் பெயரை மேடையில் யாரேனும் புகழக் கேட்டுத் தலைகுனிவானாயின், அவனை ஓரியின் வழிவந்தவன் என்று நானும் ஒப்புக்கொள்வேன். அன்று என் கைதட்டலும் கேட்கும்.