யூதர் வேறு, இஸ்ரேல் வேறு: நம் நாவுக்கும் நீதி வேண்டும்

காஸாவின் துயரச் செய்திகள் நம் இல்லங்களை எட்டும்போதெல்லாம் நம் நாவில் முதலில் எழும் சொல் 'யஹூதி' என்பதாகவே இருக்கிறது. குண்டு வீசுவது ஓர் அரசு, அதன் இராணுவம். நாம் சபிப்பதோ உலகெங்கும் பரவி வாழும் ஒரு சமூகம் முழுவதையும். துஆவிலும், பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுப் பேச்சிலும், வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் இதுவே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தவறு என்கிறோம். மார்க்கத்தின்படி தவறு, வரலாற்றின்படி தவறு, ஃபலஸ்தீன மக்களின் நலனுக்கும் கேடு.

உலக யூதர் அனைவருக்கும் தாயகம் நானே, அவர்கள் அனைவருக்காகவும் பேசுபவனும் நானே என்பதுதான் இஸ்ரேல் அரசின் அடிப்படை வாதம். 1950ஆம் ஆண்டின் 'திரும்பி வரும் உரிமை'ச் சட்டப்படி, நியூயார்க்கில் பிறந்து அம்மண்ணை ஒருமுறைகூடக் கண்டிராத யூதர் அங்கே குடியுரிமை பெறலாம். 1948இல் ஹைஃபாவிலிருந்து விரட்டப்பட்ட ஃபலஸ்தீனரோ தம் சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. 2018இல் இயற்றப்பட்ட சட்டம், அந்நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று அறிவித்தது. யூதர் என்றாலே இஸ்ரேல் என்று பேசும் நாம், எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டு இந்த வாதத்தையே வழிமொழிகிறோம்.

யூதர்களோ இவ்வாதத்தைத் தொடக்கத்திலிருந்தே ஒருமனதாக ஏற்றதில்லை. 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய சீர்திருத்த ரப்பிகள், தாங்கள் இனி ஒரு தேசிய இனம் அல்லர், ஒரு சமயச் சமூகமே என்றும், ஃபலஸ்தீனத்துக்குத் திரும்புவதை எதிர்பார்க்கவில்லை என்றும் அறிவித்தனர். 1897இல் முதல் ஸியோனிஸ மாநாட்டை மியூனிக் நகரில் நடத்தத் திட்டமிட்டார்கள். அவ்வூர் யூதத் தலைவர்களே எதிர்த்ததால் மாநாடு சுவிட்சர்லாந்தின் பாஸல் நகருக்குப் பெயர்ந்தது. 1917இல் பால்ஃபர் பிரகடனம் உருவானபோது பிரிட்டிஷ் அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர் எட்வின் மாண்டேகு. மாண்டேகு - செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று நம் பாடநூல்களில் படித்தோமே, அதே மாண்டேகுதான். அப்பிரகடனத்தை அமைச்சரவைக்குள் கடுமையாக எதிர்த்தவர் அவர். ஃபலஸ்தீனம் யூதரின் தாயகம் என்றாகிவிட்டால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை அந்நியராகக் கருதி வெளியேற்ற விரும்பும் என்பது அவரது அச்சம்.

பின்னர் நாஜிகள் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தனர். அந்தக் கொடுமையே பெரும்பாலான யூதர்களை ஸியோனிஸத்தின் பக்கம் தள்ளியது. ஆயினும் 1950இல்கூட, அமெரிக்க யூதத் தலைவர் ஜேக்கப் பிளாஸ்டீனின் வற்புறுத்தலால், அமெரிக்க யூதர்கள் இஸ்ரேலுக்கு அரசியல் விசுவாசம் எதுவும் கடன்பட்டவர்கள் அல்லர் என்று பிரதமர் பென்குரியன் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது. 1967 போருக்குப் பிறகுதான் அமெரிக்க யூதரின் பொதுவாழ்வில் இஸ்ரேல் மையமான இடத்தைப் பிடித்தது.

இன்று அந்தப் பிணைப்பு தலைமுறைக்குத் தலைமுறை தளர்ந்து வருகிறது. பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், 65 வயதைக் கடந்த அமெரிக்க யூதரில் 67 விழுக்காட்டினர் இஸ்ரேலுடன் உணர்வுபூர்வமான பற்று உண்டு என்றனர். முப்பது வயதுக்குட்பட்டோரில் அது 48 விழுக்காடே. முன்பு இஸ்ரேலின் ஆதரவாளராக அறியப்பட்ட பீட்டர் பைனார்ட் என்ற யூத எழுத்தாளர், யூத அரசு என்ற கொள்கையையே 2020இல் கைவிட்டு, இரு மக்களுக்கும் சம உரிமையுள்ள ஒரே நாடு வேண்டும் என்று எழுதினார். 2023 அக்டோபரில், 'அமைதிக்கான யூதக் குரல்' அமைப்பின் அழைப்பை ஏற்றுத் திரண்ட யூதர்கள் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அமர்ந்து காஸாவில் போர்நிறுத்தம் கோரினர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். எங்கள் பெயரால் இதைச் செய்யாதே என்பதே அவர்களின் முழக்கம். நம் தொழுகைப் பாயில் நாம் சபித்தது இவர்களையும் சேர்த்துத்தான்.

"பெரும்பாலான யூதர்கள் இன்னும் இஸ்ரேலைத்தானே ஆதரிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். பற்றுடையோர் பலர் என்பது உண்மை; மறைக்க மாட்டோம். ஆனால் ஒருவர் ஆதரிக்கும் அநீதிக்காக அவரைக் கண்டிப்பது வேறு. அவர் பிறந்த சமூகத்துக்காக அவரைச் சபிப்பது வேறு. முன்னது நம் கடமை. பின்னது ளுல்ம். எங்கோ ஒருவன் செய்த குற்றத்துக்கு உலக முஸ்லிம்கள் எல்லாரும் பதில் சொல்ல வேண்டும் என்று நம்மை நோக்கி விரல் நீட்டும்போது நம் நெஞ்சம் எப்படிக் கொதிக்கிறது! அதே அளவுகோலை நாமே கையில் எடுக்கலாமா?

"குர்ஆனே அவர்களைக் கண்டிக்கிறதே?" என்பார்கள். கண்டிக்கிறது, செய்த செயல்களுக்காக. அதே குர்ஆன், ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனத்தில், வேதம் அருளப்பட்டோர் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர் என்று பிரித்தறியக் கற்பிக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனமோ, ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று கட்டளையிடுகிறது. பகையே இல்லாத இடத்துக்கு இக்கட்டளை எதற்கு? நெஞ்சு எரியும் வேளைக்காகவே அது இறங்கியது.

நீதி தவறியதன் விலையை வரலாறு காட்டுகிறது. 1492இல் ஸ்பெயின் விரட்டிய யூதர்களை வரவேற்றுக் குடியமர்த்தியது உஸ்மானியப் பேரரசு. அந்த மரபுக்கு மாறாக, ஃபலஸ்தீனத்தில் நடந்த கொடுமைக்காக இராக்கின் யூதர்கள் சந்தேகத்துக்கும் நெருக்கடிக்கும் ஆளாயினர். 1951இல் வெளியேறுவோரின் சொத்துகளை அரசு முடக்கியது. ஏறத்தாழ 1,20,000 பேர், நூற்றாண்டுகள் கண்ட தம் பக்தாதை விட்டு இஸ்ரேல் போய்ச் சேர்ந்தனர். ஸியோனிஸம் தன் பிரச்சாரத்தால் மட்டும் பெற முடியாததை நம்மவரின் அநீதி அதற்கு ஈட்டித் தந்தது.

2015 ஜனவரியில் பாரிஸின் யூத அங்காடி ஒன்றில் நால்வர் கொல்லப்பட்டபோதும் இதுவே நடந்தது. பிரான்ஸின் யூதர்களே, இஸ்ரேல்தான் உங்கள் வீடு என்று நெதன்யாகு அழைத்தார். கொல்லப்பட்ட நால்வரும் ஜெரூசலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு பிரான்ஸிலிருந்து 7,000க்கும் அதிகமான யூதர்கள் இஸ்ரேலில் குடியேறினர். கொலைகாரன் ஃபலஸ்தீனத்தின் பெயரைச் சொன்னான். பயன் பெற்றது இஸ்ரேல். அதே அங்காடியில் பணியாற்றிய மாலி நாட்டு முஸ்லிம் இளைஞர் லஸானா பாத்திலி, வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளக் குளிர்பதன அறையில் மறைத்துக் காப்பாற்றினார். நம் மார்க்கத்தின் சாட்சி அவரே.

எனவே, ஃபலஸ்தீனத்துக்காக உரத்துப் பேசுவோம். ஆக்கிரமிப்பை ஆக்கிரமிப்பு என்றும், படுகொலையைப் படுகொலை என்றும் சொல்லத் தயங்கோம். ஆனால் அநியாயக்காரனை அவன் செயலால் அழைப்போம். துஆவில் 'ளாலிம்கள்' என்போம். ஒரு சமூகத்தின் பெயரை வசைச்சொல்லாக்கிப் பிள்ளைகளின் நாவில் பழக்க மாட்டோம்.

மதீனாவில் ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்றே கேட்டார்கள். இறந்த யூதருக்கு நபியவர்கள் அளித்த மரியாதையை, காஸாவுக்காகக் கைதாகும் யூதருக்கு நாம் மறுக்கலாமா?

அல்லாஹ் ஃபலஸ்தீன மக்களுக்கு விடுதலையையும், நம் நாவுகளுக்கு நீதியையும் அருள்வானாக! ஆமீன்.