உறுப்பு மாற்று சிகிச்சையில் சக நோயாளிகளின் துணை: எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டில் கிட்னி, லிவர், இதயம், நுரையீரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களும், உயிரோடு இருக்கையில் உறுப்பு தந்தவர்களும், அவர்கள் குடும்பத்தினரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. மாற்று சிகிச்சை செய்ய உரிமம் பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையும், அந்தச் சிகிச்சையை முன்பே பெற்று வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் துணையைப் புதிய நோயாளிகளுக்கு முறைப்படி ஏற்பாடு செய்துதர வேண்டும். விருப்பப்பட்டால் செய்யும் சேவையாக இல்லாமல், சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இது அமைய வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

கொடுப்பதற்கு வழி இருக்கிறது, பெற்ற பின்?

இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதன்முதலில் வெற்றி கண்டது 1971இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்று முறையாகப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2008இல் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்ததை இந்த மாநிலம் இன்னும் மறக்கவில்லை. உறுப்பு தந்து மறைந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கும் என்று 2023இல் முதலமைச்சர் அறிவித்தார். ஏழைக் குடும்பங்களின் அறுவை சிகிச்சைச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது.

இவை பெருமைக்குரியவை. ஆனால் உறுப்பைப் பெற்றவர் தையல் பிரித்து, மாத்திரைப் பையோடு ஊருக்கு பஸ் ஏறிய பிறகு, அவர் எப்படி வாழ்கிறார் என்பதற்கு இதே அளவு கவனம் இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் பேச வருவது அந்தக் காலத்தைப் பற்றி.

வீட்டில் தொடரும் சிகிச்சை

வேறொருவரின் உறுப்பை உடல் அந்நியமாகவே பார்க்கும், தாக்கவும் முயலும். அதைத் தடுக்க உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை உறுப்பு வேலை செய்யும் காலம் முழுவதும் எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றான டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பெரும்பாலானோர் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை போடுகிறார்கள். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கலாம்; கூடினால் அந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம்கூட அந்த அளவை ஏற்றிவிடும். காய்ச்சலுக்கோ சளிக்கோ பக்கத்துக் கடையில் வாங்கும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே.

டாக்டர்கள் இதையெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் சொன்னதை ஒரு வீட்டுக்குள் நடத்திக் காட்டுவது தனி வேலை. எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று அத்தை அன்போடு கொண்டுவரும் லேகியத்தை மனம் நோகாமல் எப்படி மறுப்பது? கல்யாண வீட்டில் முகக்கவசத்தோடு நிற்பதை எப்படி விளக்குவது? மாத்திரையால் கை நடுங்குவதை வேலை தருபவரிடம் சொல்லலாமா? கல்யாணப் பேச்சு எடுக்கும்போது எப்போது, எதைச் சொல்வது? குழந்தை பெற்றுக்கொள்ள ஆசைப்படும் பெண், எந்த மருந்தை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கத் துணிவது எப்படி? இவற்றுக்கு அனுபவப்பட்டவர்தான் பதில் சொல்ல முடியும்.

பேசாமல் உள்ளுக்குள் வைத்திருப்பவையும் உண்டு. ஒருவர் இறந்ததால்தான் நான் வாழ்கிறேன் என்ற பாரம். அம்மாவோ மனைவியோ கொடுத்த கிட்னி பழுதானால் அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். உயிரோடு இருக்கையில் உறுப்பு தருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கொடுத்த பின் அவர்கள் உடல்நலத்தை விசாரிப்பவர்கள் குறைவு. எனவே இந்தத் துணை அவர்களுக்கும் உரியது.

நடப்பதை முறைப்படுத்துங்கள்

நோயாளிகள் ஒருவரோடொருவர் பேசாமல் இல்லை. டயாலிசிஸ் அறையில் அடுத்தடுத்த படுக்கைகளில், ரத்தம் கொடுக்கும் வரிசையில், மருந்துக் கவுன்டரில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தைரியமும் நல்ல யோசனையும் அங்கே கிடைக்கின்றன. 'ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு நன்றாக இருக்கிறதே, மாத்திரையைக் குறைத்துக்கொள்' என்ற ஆபத்தான அறிவுரையும் அதே வரிசையில்தான் கிடைக்கிறது. நல்லது பெருகவும் ஆபத்து விலகவும் பயிற்சியும் பொறுப்பும் தேவை.

நாங்கள் வகுத்துக்கொண்ட எல்லைகள்

1. துணை நிற்பவர் எந்த மருந்தையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ சொல்லக் கூடாது. காய்ச்சல், சிறுநீர் குறைவு, வாந்தியால் மாத்திரை தங்காமை என்றால் அவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. மீந்த மாத்திரைகளைக் கைமாற்றிக்கொள்வதை ஏற்க மாட்டோம்.

3. உறுப்புக்கு விலை பேசுபவருக்கும், ஆள் பிடித்துத் தருபவருக்கும் எங்களிடம் இடமில்லை. உறுப்பு வணிகத்தை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

4. ஒருவர் பகிர்ந்ததை அவர் அனுமதியின்றி வெளியே சொல்லக் கூடாது. மறைந்த கொடையாளியின் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கும் உதவக் கூடாது.

5. மாற்று உறுப்பு செயலிழந்து டயாலிசிஸுக்குத் திரும்பியவரும் எங்களில் ஒருவரே. நன்றாக இருப்பவர்களை மட்டும் மேடையேற்றினால், துணை அதிகம் தேவைப்படுபவர் ஒதுங்கிப்போவார்.

எங்கள் கோரிக்கைகள்

மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் ஒருங்கிணைப்பாளரை நியமிப்பதை 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது. சக நோயாளிகளின் துணையை ஏற்பாடு செய்வதை அவருடைய பணிகளில் ஒன்றாக அரசு சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய பதவி தேவையில்லை.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் சேரும்போதே, அதே உறுப்பைப் பெற்ற ஒருவரையாவது நோயாளி சந்திக்க வாய்ப்பு தர வேண்டும். பெண்களுக்குப் பெண்களும், சிறுவர்களின் பெற்றோருக்கு அதே நிலையைக் கடந்த பெற்றோரும் துணையாக அமைய வேண்டும். துணை நிற்க வருபவர்களுக்கு மருத்துவர், மனநல ஆலோசகர், மருந்தாளுநர் மூவரும் சேர்ந்து பயிற்சி தர வேண்டும். பயணச் செலவையும் கொடுக்க வேண்டும். தொலைதூர ஊர்களில் இருப்பவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டம் நடத்த இடம் வேண்டும்.

மருத்துவரின் இடத்தை நாங்கள் கேட்கவில்லை. அவர் எழுதித்தரும் மருந்தை நோயாளி விடாமல் போடவும், பயத்தை மறைக்காமல் அவரிடமே சொல்லவும் கூட இருக்கிறோம். பயிற்சி பெற எங்கள் உறுப்பினர்கள் தயார். மருத்துவமனைகள் வாரத்தில் ஒரு மணி நேரமும் ஓர் அறையும் ஒதுக்கட்டும். வேலையை நாங்கள் தொடங்குகிறோம்.