வாகன யோகம்

நமது ஜாதகத்தில் வாகன யோகம் பலமாக இருக்கிறது என்று வெகு காலத்துக்கு முன்பே ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட உபாத்தியாயருக்குக் கிடைக்கக் கூடிய வாகனம் எதுவாக இருக்கும் என்று நாம் அப்போதே ஊகித்துக்கொண்டோம். முதலில் ஒரு சைக்கிள் வந்தது. பிறகு ஒரு ஸ்கூட்டர் வந்தது. யோகம் அத்துடன் தீர்ந்தது என்று நிம்மதியாயிருந்த சமயத்தில், 2022-ம் வருஷம், ஏழு வருஷத் தவணையில் ஒரு காம்பாக்ட் எஸ்.யு.வி. நமது வீட்டு வாசலில் வந்து நின்றது. கும்பகோணத்துச் சந்து ஒன்றில் இத்தகைய வாகனத்தை வைத்துக்கொண்டு காலட்சேபம் செய்யும் அநுபவத்தை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இந்த வாரத்து உத்தேசம்.

டம்பத்திற்காக வாங்கினோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நமது தாயாருக்கு வயது எழுபத்து நாலு. முழங்கால் வலி அவரை விட்டு நீங்காத துணை. சாதாரணக் காரில் அவர் ஏறுவது கிணற்றில் இறங்குவது போலவும், இறங்குவது கிணற்றிலிருந்து ஏறுவது போலவும் இருந்தது. இந்த வண்டியின் ஆசனமோ நம் வீட்டுத் திண்ணையின் உயரம். வண்டியைப் பார்க்கப் போன அன்று அவர் குனியாமல், முனகாமல், திண்ணையில் அமர்வது போல் உட்கார்ந்து, "இது சரியாயிருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நாம் கையெழுத்திட்ட காகிதங்கள் இருபதுக்குக் குறையாது.

இந்த ஜாதி வண்டிகள் நம் தேசத்தில் பெருகிய கதை வேடிக்கையானது. 2006-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை நூற்றுக்கு 24-லிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சிறிய கார் என்பது எது? நீளம் 4 மீட்டருக்கு மேற்படாமலும், எஞ்சின் பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டருக்குள்ளும், டீசலானால் 1,500-க்குள்ளும் இருப்பது. உயரத்தைப் பற்றிச் சட்டம் அப்போது ஒன்றும் பேசவில்லை. வண்டி செய்கிறவர்கள் விடுவார்களா? மலையேறும் வண்டியின் முகத்தையும் உயரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, வாலை மட்டும் கத்தரித்துவிட்டார்கள். 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட், 2016-ல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் வந்த நெக்ஸான் எல்லாம் இந்தக் குட்டை வால் வம்சத்தைச் சேர்ந்தவையே. இவ்வம்சத்தில் பல வண்டிகளின் நீளம் சொல்லி வைத்தாற்போல் 3,995 மில்லிமீட்டர். அரசாங்கத்துக்குப் பயந்து விட்டுக் கொடுத்தது ஐந்தே மில்லிமீட்டர்!

பிற்பாடு 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் இத்தகைய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது. நாம் வாங்கிய பெட்ரோல் வண்டிக்கு மேல்வரி உள்பட இருபத்தொன்பது கொடுத்திருந்தோம். அன்று பத்திரிகையைப் படித்துவிட்டு நமது சகதர்மிணி நம்மை ஏறிட்டுப் பார்த்தார். வாகன யோகம் சொன்ன ஜோசியர் இதையும் சொல்லியிருக்கலாம்.

அந்த 3,995 என்ற எண்ணை நாம் மனப்பாடமாக அறிந்திருப்பதற்குக் காரணம் நமது பக்கத்து வீட்டுக்காரர். அவர் நில அளவைத் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி வந்த மறுநாள் காலையில் அளவு நாடாவுடன் வெளியே வந்தார். நமது வீட்டு முகப்பை அளந்தார். பிறகு வண்டியை அளந்தார். "வாத்தியார் சார், உங்கள் முகப்பு 3 மீட்டர் 60. வண்டி 3 மீட்டர் 99½. ஆகையால் முப்பத்தொன்பதரை சென்டிமீட்டர் வண்டி என் வாசலில் நிற்கிறது" என்று தீர்ப்புச் சொன்னார். கணக்கில் பிழை இல்லை. எனினும், தெரு யாருடைய சொத்து என்று நாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டோம். அந்தக் கேள்வியின் பயனாக மூன்று வருஷ காலம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அவரிடம் பத்து வருஷத்துப் பழைய சிறிய கார் ஒன்று உண்டு. அது முழுவதும் அவருடைய எல்லைக்குள்ளேயே நிற்கும். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நம்முடைய உயரமான ஆசனத்திலிருந்து அதைச் சற்றுக் கீழே நோக்கினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வண்டியின் குண விசேஷங்களைச் சொல்லுவோம். விற்பனைக் காகிதத்தில் லிட்டருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. தஞ்சாவூர் சாலையில் பதினாறு வந்தது. ஊருக்குள் பதினொன்று. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலப்பதனால்தான் இப்படி என்று நண்பர்கள் சொன்னார்கள். எத்தனாலில் அடங்கிய உஷ்ண சக்தி பெட்ரோலினுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனாலும் பத்துப் பங்கு கலந்த பெட்ரோலிலிருந்து இருபது பங்குக்கு மாறினால், கணக்குப்படி குறையக் கூடியது நூற்றுக்கு மூன்று நான்குக்கு மேல் இல்லை. மற்றக் குறைவெல்லாம் நம்முடையதே. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுவதற்குள் மணியடித்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் அதிகமாகக் குடிக்கும் என்பது எல்லா மோட்டார் வண்டிக்கும் பொதுவான சுபாவம்.

வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமது ஊர் வேகத்தடைகளுக்கு இது வரப்பிரசாதம். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெதுவான மேடாயிருக்க வேண்டும். நமது பேட்டையிலுள்ளவை இரவோடு இரவாக முளைத்தவை. அகலம் ஒரு முழம். உயரம் போட்டவர் மனம் போல. பிறர் வண்டிகள் வயிறு உரசிக் கதறும் இடத்தில் நமது வண்டி யானை போல் தாண்டிச் செல்லும். இதில் நமக்கு உண்டான கர்வம் கொஞ்சமல்ல.

கர்வத்தை அடக்குவதற்கு எலி வந்தது. ஒரு நாள் காலையில் வண்டியைக் கிளப்பியதும் எதிரே மஞ்சள் விளக்கு எரிந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால், எஞ்சினுக்குமேல் தேங்காய் நார், பழந்துணி, வடையில் ஒரு விள்ளல், பக்கத்திலேயே கடித்த கம்பிகள் இரண்டு. எலியின் முன் பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதனால் வாழ முடியும். நமது கம்பியைக் கடிப்பதில் அதற்குத் துவேஷம் ஒன்றுமில்லை. இந்தத் தத்துவம் புரிந்த பிறகும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு புகையிலை கட்டித் தொங்கவிட்டோம். அந்துருண்டை வைத்தோம். அந்துருண்டை வாசனை குளிர்சாதனத்தின் வழியாக உள்ளே புகுந்து, குடும்பம் முழுவதும் பழைய பெட்டிக்குள் பிரயாணம் செய்வது போன்ற பிரமையை உண்டாக்கியது. கடைசியில் ஒரு மெக்கானிக் சொன்னதுதான் பலித்தது: இரவில் பானெட்டைத் திறந்து வைத்துவிட வேண்டும். இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி குடித்தனம் வைப்பதில்லை.

அடுத்தது சத்தம். இரண்டு மாத காலம் வண்டியின் எந்த மூலையிலிருந்தோ 'கிணுகிணு' என்று ஒரு நாதம் எழுந்துகொண்டிருந்தது. சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால், பல்வலிக்காரன் வைத்தியர் வாசலில் வலி தீர்ந்து நிற்பது போல, வண்டி பரம சாதுவாக நிற்கும். அவர்கள் இரண்டு திருகாணிகளை முடுக்கி, நாம் கேளாத நான்கு காரியங்களுக்கு ரூபாய் எழுதிக் கொடுத்தார்கள். அதுமுதல் நாம் ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறோம். வண்டியோடு வந்த புஸ்தகத்தில் எத்தனையாவது கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொன்னால், ஏன் என்று கேட்போம். காரணம் சொன்னால் சம்மதிப்போம். கேள்வி கேட்கிற மாணவனைப் போலவே, கேள்வி கேட்கிற வாடிக்கைக்காரனும் அவ்வளவு சுலபமாக ஏமாறுவதில்லை. சத்தத்தின் மூலத்தையோ நமது குமாரத்திதான் கண்டுபிடித்தாள். பாட்டியின் பித்தளைச் சுண்ணாம்பு டப்பா ஆசனத்தின் அடியில் உருண்டு கிடந்தது!

இவையெல்லாம் சில்லறைத் தொந்தரவுகள். சென்ற ஐப்பசியில் நடந்தது வேறு மாதிரியானது.

அடைமழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுக்கொண்டே இருந்தார்கள். வண்டி ஒன்பது நாள் நின்ற இடத்திலேயே நின்றது. பத்தாவது இரவு, மணி இரண்டு இருக்கும். தாயார் மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாம் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினோம். பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. சாவியைத் துவாரத்தில் போட்டுத் திறந்தோம். வண்டியைக் கிளப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. எந்த மனுஷிக்காக அந்த வண்டியை வாங்கினோமோ, அவர் உள்ளே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். நாம் வெளியே ஒரு மௌனமான இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறோம். எத்தனை நிமிஷம் அப்படித் திருகினோம் என்று நமக்குத் தெரியாது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குடையுடன் நின்றார். "அம்மாவுக்கா?" என்று கேட்டார். தலையசைத்தோம். "108-க்குச் சொன்னீர்களா?" என்றார். சொல்லவில்லை! மூச்சுத் திணறும் ஒருவரை ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோக வேண்டும் என்று வகுப்பில் எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். வாசலில் வண்டி நிற்கிறது என்ற எண்ணம் அந்த அறிவையெல்லாம் மறைத்துவிட்டது. அவரே தம் டெலிபோனில் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வரும் வரையில் தாயாரின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, "பயப்படாதீர்கள் அம்மா, வந்துகொண்டே இருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். சுமார் இருபது நிமிஷத்தில் அது வந்தது. வரும்போதே பிராணவாயு கொண்டுவந்தது. நமது வண்டி கிளம்பியிருந்தால் அது கிடைத்திராது என்று பிறகு வைத்தியர் சொன்னபோது நமக்கு உடம்பு நடுங்கியது.

மறுநாள் பிற்பகல் நாம் வீடு திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்காரர் தமது பழைய சிறிய காரை நமது வண்டியின் மூக்கோடு மூக்காக நிறுத்தி வைத்திருந்தார். கையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள். சிவப்பை முதலில் நமது பாட்டரியின் கூட்டல் முனையிலும் பிறகு தம்முடையதன் கூட்டல் முனையிலும், கறுப்பைத் தமது கழித்தல் முனையிலும் மாட்டினார். கறுப்பின் மறு நுனியை நமது பாட்டரியில் மாட்டாமல், எஞ்சினின் வர்ணம் பூசாத இரும்பில் கவ்வ வைத்தார். பாட்டரியின் அருகே தீப்பொறி எழக் கூடாதாம். தமது காரை ஓடவிட்டுச் சிறிது நேரம் கழித்து, "இப்போது பாருங்கள்" என்றார். மூன்று வருஷமாக நாம் கீழே நோக்கிய அந்தக் காரின் தயவால் நமது யானை எழுந்து நின்றது.

குற்றம் வண்டியுடையது அல்ல. கதவைப் பூட்டிய பிறகும் அதன் எச்சரிக்கை மணியும், சாவியின் சமிக்ஞையை எதிர்நோக்கும் கருவியும் பாட்டரியிலிருந்து சிறிது சிறிதாகச் செலவு செய்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் ஒரு பெரிய செலவு. அந்தச் செலவை ஈடுசெய்ய இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் போதாது. வரவுக்கு மிஞ்சிய செலவு என்னவாகும் என்று தவணை கட்டும் உபாத்தியாயருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டரிக்கும் வயது மூன்று கடந்துவிட்டது. இப்போது புதிது மாற்றியிருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் தஞ்சாவூர் சாலையில் ஓட்டிவிட்டு வருகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் பழைய சைக்கிள்தான். 108 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ஆறாம் நாள் தாயாரை வீட்டுக்கு அழைத்துவரப் போனோம். உடம்பு மெலிந்து, நடை தளர்ந்திருந்தது. வண்டிக் கதவைத் திறந்ததும், குனியாமல் முனகாமல், திண்ணையில் உட்காருவது போலவே அமர்ந்துகொண்டார். வாசலில் வந்து இறங்கியபோது, பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். வண்டியைச் சற்று முன்னால் நகர்த்தப் போனோம். அவர் கையமர்த்தி, "நாற்பது சென்டிமீட்டர்தானே, இருக்கட்டும் சார்" என்றார். முப்பத்தொன்பதரை என்று நாம் திருத்தவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தாயாரும் உடன் வந்தார். சாலையில் போய்க்கொண்டிருக்கையில் எங்கிருந்தோ 'கிணுகிணு' என்று சத்தம் கேட்டது. சகதர்மிணி நம்மைப் பார்த்தார். நாம் வண்டியை நிறுத்தவில்லை.