சீட்டு வளர்ந்த கதை

நம் பிள்ளைகள் கணினித் திரையில் ஆடும் தொடர்விளையாட்டுகள் பாகத்துக்குப் பாகம் புதிய பாத்திரங்களும் விதிகளும் பெற்று வளர்கின்றன. இத்தகைய வளர்ச்சிக்குப் பழைய சான்றொன்று நாம் குடியேறி வாழும் மைசூரிலேயே உண்டு. அதுவே கஞ்சீபா என்னும் வட்டச் சீட்டாட்டம்.

மொகலாயர் காலத்தில் அஃது எட்டு இனங்களும் 96 சீட்டுகளும் உடையதாய் விளங்கிற்று. பின்னர்த் திருமாலின் பத்து அவதாரங்களும் பத்து இனங்களாகச் சீட்டு 120 ஆயிற்று. படம் மாறினும் அடிப்படை மாறவில்லை. இனந்தோறும் அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து வரை எண்கள். பாதி இனங்களில் பத்து உயர்ந்தது, மறுபாதியில் ஒன்றே உயர்ந்தது. பகலில் இராமன் சீட்டும் இரவில் கண்ணன் சீட்டும் ஆட்டத்தைத் தொடங்கும்.

மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இதனை மேலும் விரித்தார். சாமுண்டேசுவரியின் பெயரால் அவர் வகுத்த ஆட்டத்தில் 16 இனங்கள், 320 சீட்டுகள்! அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதியின் கௌதுகநிதி இவ்வாட்டங்களை விளக்குகிறது. ஆனால், அத்தனை சீட்டையும் நினைவிற் கொண்டு ஆடும் ஓய்வு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இன்று மைசூர்க் கஞ்சீபாச் சீட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, அதனை வாங்கிச் சுவரில் மாட்டுவோரும் உளர், ஆடுவோரோ அரியர். ஓவியம் வாழ்கிறது, ஆட்டம் தேய்கிறது.

ஊரிலிருந்து நாம் கொணர்ந்த பல்லாங்குழிக்கும் தாயக்கட்டைக்கும் இந்நிலை வரலாமா? வரும் நவராத்திரியில் அவற்றைக் கொலுவில் வைப்பதோடு நில்லாது, பிள்ளைகளோடு அமர்ந்து ஆடுவோமாக. அவர்கள் புது விதி சேர்த்தால் தடுக்க வேண்டா. ஆட்டம் அவ்வாறே வளர்ந்தது.