கத்தியின்றி முகம் நிமிருமா?

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நாம் இருமுறை படித்தோம். எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 58. மகனுடைய திருமணத்துக்கு ஆறு வாரம் இருக்கையில், தாடையோரம் தொங்கிய சருமத்தை உயர்த்திக் கொள்ளலாமென எண்ணி, காப்புகள் இரண்டை அடைவு வைத்துச் சிகிச்சை பெற்றிருக்கிறார். கத்தியில்லை, தழும்பில்லை, அன்றைக்கே வீடு திரும்பலாம் என்று விளம்பரம் கூறிற்றாம். திருமணம் இனிதே நிறைவேறியது. படங்களும் வந்து சேர்ந்தன. "படத்தில் நிற்பவள் பழைய நானேதான். காப்பு எங்கே என்று வீட்டில் இவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேனோ தெரியாது. நான் ஏமாற்றப்பட்டேனா, அல்லது என் முகந்தான் வைத்தியத்துக்கு இசையவில்லையா?" என்று வினவுகிறார் அம்மையார்.

இவ்வினா அவருக்கு மாத்திரம் உரியதன்று. இத்தகைய சிகிச்சை பெற்றோருள் மகிழ்ந்தவரும் உளர், மனமுடைந்தவரும் உளர். மனமுடைவதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற் காரணம் ஒரு சொல்லிலே இருக்கிறது. சருமத்தை 'உயர்த்துதல்' என்பது சத்திர வைத்தியரிடமிருந்து இரவல் பெற்ற சொல். அவர் காதோரம் கீறி, தோலை அடியிலிருந்து பிரித்து, அதன் கீழுள்ள நார்த் தசைப் படலத்தை இழுத்துக் கட்டி, எஞ்சிய தோலை வெட்டி அகற்றித் தைக்கிறார். அந்தப் படலத்தை மிற்ஸ், பெய்ரோனி என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் 1976 இல் விரிவாக விளக்கினர். அதன்பின் அச்சத்திரசிகிச்சை பெரிதும் திருந்தியது. கத்தியில்லாச் சிகிச்சையிலோ, மிகுந்து தொங்கும் தோலில் ஒரு நூலளவேனும் அகற்றப்படுவதில்லை. தொழில் வேறு, பெயர் மாத்திரம் ஒன்று.

அப்படியாயின் அந்த இயந்திரங்கள் செய்வதுதான் யாது? றேடியோ அலையாலோ, செவிக்குக் கேளாத ஒலியலையாலோ அவை தோலின் உட்பாகத்தைச் சூடாக்குகின்றன. கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்கு றேடியோ அலைக் கருவி ஒன்றை 2002 இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. புருவத்தை உயர்த்துவதற்கு ஒலியலைக் கருவியை 2009 இலும், கழுத்துக்கும் மோவாயின் அடிப்புறத்துக்கும் அதனை 2012 இலும் அனுமதித்தது. ஒலியலை, தோலின் மேற்பரப்பைச் சுடாமல், 4.5 மில்லிமீற்றர் ஆழம்வரை சென்று சிறு சிறு புள்ளிகளில் 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தை உண்டாக்கும். சருமத்துக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அவ்வெப்பத்தில் சுருங்குகிறது. பின்னர் உடல் அதனை ஒரு காயமாகக் கருதி, அவ்விடத்திற் புதிய கொலாஜனை மெல்ல மெல்ல இடுகிறது. இது பொய்யன்று, மெய்யான மாற்றமே. ஆனால் எவ்வளவு மாற்றம்?

அமெரிக்காவில் 2010 இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. ஒலியலைச் சிகிச்சை பெற்ற 35 பேரின் முகங்களை மூன்று மாதத்தின்பின் நடுநிலை வைத்தியர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, 30 பேருக்கு முன்னேற்றம் உண்டெனத் தீர்த்தனர். புருவம் உயர்ந்த அளவு சராசரி 1.7 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு நெல்மணியின் தடிப்பு. அளவுகோல் கொண்டு நோக்கும் வைத்தியர் அதனை வெற்றி என்கிறார். கண்ணாடியின் முன் நிற்கும் பெண்மணி அதனைத் தோல்வி என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், அந்த நெல்மணியைச் சிகிச்சைக்கு முன்னரே காட்டியிருக்க வேண்டாமா?

இரண்டாவது காரணம், முகம் தளர்வது தோலினால் மாத்திரமன்று என்பது. கலியாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். கால்கள் நட்டு, கயிறு கட்டி, மேலே வெள்ளை விரிக்கிறோம். கால் மண்ணில் இறங்கிவிட்டால், கயிறு நெகிழ்ந்துவிட்டால், வெள்ளையை மாத்திரம் இறுக்கிப் பயனென்ன? முகத்திலும் எலும்பே கால்; தோலை எலும்போடு பிணைக்கும் நார்களே கயிறு. வயது ஏற ஏறக் கண்குழி அகல்கிறது, தாடையெலும்பு தேய்கிறது, கன்னத்துக் கொழுப்பு சில இடங்களிற் குறைந்து, சில இடங்களிற் கீழிறங்குகிறது. பல்லிழந்தவர்க்கும் திடீரென உடல் மெலிந்தவர்க்கும் இத்தளர்ச்சி இன்னும் விரைந்து வரும். ஆதலின், சிறிதளவே தளர்ந்த, ஓரளவு தடித்த சருமமுடைய நடுவயதினர்க்கு இச்சிகிச்சை பொருந்தும். தாடையின் கீழ் மடிப்பாகத் தோல் தொங்குவோர்க்கு அது பெரிதாக எதுவும் செய்யமாட்டாது. அப்படிப்பட்டவரை, "உங்களுக்கு இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பும் வைத்தியரே நல்ல வைத்தியர்.

மூன்றாவது காரணம் காலம். சிகிச்சை முடிந்த சில நாள்வரை முகம் சற்று வீங்கியிருக்கும். அந்த வீக்கத்திற் சுருக்கங்கள் மறைந்தாற்போலத் தோன்றும். வீக்கம் வற்றியதும் பழைய முகம் வந்துவிட்டதே என்ற துயரம் பிடிக்கும். புதிய கொலாஜன் உருவாகிப் பயன் தெரிவதற்கோ மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். ஆகவே முதல் வாரத்து மகிழ்ச்சியும் மெய்யன்று. ஆறாம் வாரத்துத் துயரமும் முடிந்த முடிபன்று. பயன் தெரிந்த பின்னரும் மூப்பு ஓய்ந்திருப்பதில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சருமக் கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் குறைகிறதென்பர். ஆற்றில் எதிர்நீச்சல் இடுபவன் நின்ற இடத்திலேயே நிற்பதும் ஒரு பயன்தான். ஆயினும் கரையிலிருந்து பார்ப்பவர்க்கு அது தெரிவதில்லை.

வேறு இரு முறைகளும் உண்டு. முள்ளுடைய நூலைத் தோலின் கீழ்ச் செலுத்தி இழுப்பது ஒன்று. பெரிதும் பயன்படும் நூல் ஆறு முதல் எட்டு மாதத்தில் உடலிற் கரைந்துவிடும். அதற்கு முன்னரே பிடி தளர்வதும் உண்டு. ஹயலுரோனிக் அமிலம் போன்ற பொருளை ஊசியால் ஏற்றிக் குழிகளை நிரப்புவது மற்றொன்று. இது இழந்த பருமனைத் திருப்பித் தரும். தொங்கும் தோலை இழுக்காது. இழுத்துக் காட்ட வேண்டுமென்று மேன்மேலும் ஏற்றினால் முகம் உப்பி, இளமைக்குப் பதிலாக வேற்றாள் முகமே கிடைக்கும்.

விளம்பரப் படங்களும் எம்மை மயக்குகின்றன. முன்னைய படத்தில் வெளிச்சம் மேலிருந்து விழும், மோவாய் தாழ்ந்திருக்கும். பின்னைய படத்தில் வெளிச்சம் நேரே விழும். மோவாய் உயர்ந்து, உதட்டிற் புன்னகை அரும்பியிருக்கும். வீட்டிலே கைத்தொலைபேசியால் இவ்விருவகைப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். ஒரு சதமும் செலவின்றி முகம் நிமிரக் காண்பீர்கள்!

கத்தியில்லை என்பதால் ஆபத்துமில்லை என்று எண்ணலாகாது. தீப்புண், சில வாரம் நீடிக்கும் நரம்புத் தளர்ச்சி, வேண்டாத இடத்திற் கொழுப்புக் கரைதல் ஆகியன நேர்ந்ததுண்டு. நிரப்பும் ஊசி இரத்தக் குழாயினுட் சென்று பார்வையைப் பறித்த துயரமும், அரிதாயினும், நிகழ்ந்திருக்கிறது. லேசர் ஒளியோ, எம்மவரின் கருநிற மேனியிற் கவனமின்றிப் பட்டாற் கறை விழுத்தும். சத்திரசிகிச்சைக்கும் தழும்பும் மயக்கமருந்தின் இடரும் உண்டு. அதன் பயனும் என்றும் நிலைப்பதன்று. எதனையும் நாம் இகழவோ புகழவோ முற்படவில்லை.

சிகிச்சையை நாடுவோர், பதிவுபெற்ற வைத்தியரிடமே சென்று நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். என் முகத்தில் தளர்ந்தது தோலா, கொழுப்பா, எலும்பா? எத்தனை மில்லிமீற்றர் மாற்றத்தை நான் எதிர்பார்க்கலாம்? அது எப்போது தெரியும், எவ்வளவு காலம் நிற்கும்? பயன் கிட்டாவிடில் அடுத்து என்ன செய்வீர்கள்? இவற்றுக்கு நேரான விடை கிடைக்கும்வரை பணப்பையைத் திறவாதிருப்பதே நன்று. கடும் வெயிலிற் குடை பிடித்தலும், வெயில் காக்கும் களிம்பு பூசுதலும், புகைத்தலைத் தவிர்த்தலும் எக்காலத்தும் பயன் தருவன.

இனி, அம்மணி, தங்கள் வினாவுக்கு வருவோம். தங்கள் முகத்திற் குற்றமில்லை. இயந்திரம் வேலை செய்யவில்லையென்றும் இப்போதே சொல்வதற்கில்லை. ஆறு மாதம் கழியட்டும். ஆனால் ஆறு வாரத்திற் பயன் தெரியாதென்பதைத் தங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். திருமண நாளைத் தெரிந்துகொண்டே அதனைச் சொல்லாது பணம் பெற்றிருந்தால், அது தவறேயாகும். மீண்டும் ஒருமுறை செய்தாற் சரியாகும் என்று அழைத்தால், உடனே இசைய வேண்டாம். வேறொரு வைத்தியரின் கருத்தைக் கேட்டறியுங்கள்.

காப்பின் செய்தியை இன்றைக்கே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அடைவுக்கு வட்டி நாளுக்கு நாள் ஏறுகிறது. சொல்லாத சொல்லின் பாரமும் அவ்வாறே. தங்கள் கணவர் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய முகம் அது. அவர் கோபிப்பாராயின் காப்புக்காகக் கோபிப்பாரேயன்றி, முகத்துக்காகக் கோபியார் என்பது எமது துணிபு.