பார்த்து வர வேண்டியவர் யார்?

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் மேலகரம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து இறங்கும் சாரல் இவ்வூரை நனைத்துக்கொண்டே இருக்கும். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் பிறந்த மண் இது. அருவியின் திவலை பட்டுக் கதிரவனின் தேர்ச்சக்கரமும் வழுக்கும் என்று கற்பனை செய்தவர் அவர். இன்று இச்சாலையில் விரையும் ஊர்திகளுக்கோ எந்த ஈரமும் ஒரு பொருட்டன்று.

சில ஆண்டுகளுக்கு முன், சாரல் காலத்து மாலைப்பொழுது ஒன்றில், நாம் மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளி விட்ட நேரம். நமக்கு முன்னே சீருடை அணிந்த மாணவி ஒருத்தி சாலையின் இடப்புறமாகவே மிதித்துச் சென்றாள். பின்னாலிருந்து வந்த சுற்றுலா வேன் ஒன்று, எதிரே பேருந்து வருவதையும் பொருட்படுத்தாது, ஒலிப்பானை அலறவிட்டபடி நம்மை ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. அடுத்த நொடியில் அம்மாணவி தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து சறுக்கிச் சேற்றில் விழுந்தாள். புத்தகங்கள் சிதறின, முழங்காலில் குருதி கசிந்தது. வேன் நிற்கவில்லை.

தேநீர்க் கடையிலிருந்து ஓடிவந்த பெரியவர் அவளைத் தூக்கி நிறுத்தினார். பரிவோடுதான் கேட்டார்: "பாத்து வரக் கூடாதாம்மா?" சுற்றி நின்றோரும் அதையே சொன்னார்கள். நாமும் அவளது வண்டியின் கோணிய கைப்பிடியை நேராக்கிக் கொடுத்து, "இனி ஓரமாப் போம்மா" என்றோம். ஓரமாகச் சென்றவளிடம் ஓரமாகப் போகச் சொன்னோம்! வேனை ஓட்டியவர் பார்த்து வந்தாரா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அன்று நம் வாயிலிருந்து வந்த அச்சொற்கள் இன்றளவும் நம்மை உறுத்துகின்றன. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

சாலையில் நிகழும் மரணங்களை எல்லாம் "விபத்து" என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடப் பழகிவிட்டோம். மின்னல் தாக்குவதைப் போல, எவர் கையிலும் இல்லாத ஒன்று நேர்ந்துவிட்டது என்ற எண்ணத்தை அச்சொல் ஊட்டுகிறது. எதிரே பேருந்து வருவதைக் கண்ட பின்னும் முந்துவது என ஒருவர் தீர்மானிக்கிறார். மிதிவண்டியில் செல்பவர் எப்படியும் மண்ணில் இறங்கிவிடுவார் என்று கணக்கிடுகிறார். அந்தக் கணக்குப் பலித்தால் ஒருவர் சேற்றில் விழுவார். பிழைத்தால் உயிர் போகும். இதை விதியின் மேல் ஏற்றிச் சொல்வது நேர்மையாகுமா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 17,884 பேர் தமிழகத்தில் இறந்தவர்கள். அவ்வாண்டில் 64,105 சாலை மோதல்கள் நம் மாநிலத்தில் பதிவாகின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். நாடெங்கும் மாண்டோருள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இருசக்கர ஊர்தியினர், நடந்து சென்றோர், மிதிவண்டியில் சென்றோர். ஏறத்தாழ 70 விழுக்காடு மரணங்களுக்கு மிகைவேகமே காரணம் என்றும் அவ்வறிக்கை குறிக்கிறது.

"மிதிவண்டிக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? விளக்கின்றி வருகிறார்கள், எதிர்த்திசையில் வருகிறார்கள், திடீரெனத் திரும்புகிறார்கள்" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான், அவர்களும் திருந்த வேண்டும். ஆயினும் இரு தரப்புப் பிழைகளையும் ஒரே தராசில் நிறுப்பது அறமாகாது. மிதிவண்டியின் எடை சுமார் 20 கிலோ. பயணிகள் நிறைந்த பேருந்தின் எடை 10 டன்னுக்கும் மேல். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரே நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். மிதிவண்டியில் செல்பவர் தவறினால் பெரும்பாலும் அவரே மடிகிறார். ஊர்தி ஓட்டுபவர் தவறினாலும் அதே மிதிவண்டிக்காரர்தான் மடிகிறார். ஆகவே கையில் ஆற்றல் மிகுதியாக இருப்பவருக்கே பொறுப்பும் மிகுதி.

"சாலை குறுகலாயிற்றே, என் செய்வது?" என்பது மற்றொரு வாதம். குறுகிய சாலை மெதுவாகச் செல்வதற்குக் காரணமாகலாம். பிறரை வெளியே தள்ளுவதற்கு எவ்வாறு காரணமாகும்? "பேருந்து ஓட்டுநருக்கு நேரக் கெடுபிடி, லாரி ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்ற கூலி" என்பாரும் உளர். இதில் நியாயம் இருக்கிறது. அவ்வாறாயின் அந்தக் கெடுபிடியை விதிக்கும் முதலாளிகளையும் நாம் குற்றக் கூண்டில் ஏற்ற வேண்டும். சேற்றில் விழுந்த சிறுமியை அல்லவே!

நம் மாநிலம் மிதிவண்டியின் மேன்மையை அறியாததன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் ஆயிரமாயிரம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் பழக்கியது. அந்த இரு சக்கரங்கள் அவர்களுக்கு விடுதலையாய் அமைந்தன. 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் பயில்வோருக்கு விரிவுபடுத்தப்பட்டது. திருச்சபை நடத்தும் பள்ளிகளிலும் பந்தலிட்டு, மாலை மரியாதையுடன் வண்டிகளை வழங்குகிறோம். விழா முடிகிறது. பிள்ளை பள்ளி வாயிலைத் தாண்டிச் சாலையில் இறங்குகிறது. அங்கே அதற்கென ஒரு முழ அகலப் பாதையும் இல்லை. வண்டியைக் கொடுத்த நாம் வழியைக் கொடுக்கவில்லை.

வழி கேட்டுப் போராடிப் பெற்ற நாடும் உண்டு. 1971-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் சுமார் 3,300 பேர் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்னும் இதழாளர், கத்தோலிக்க மரபில் வந்த நாளேடொன்றில் 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். சாலைச் சாவுகளைக் குழந்தைக் கொலை என்றே அவர் பெயரிட்டார். பெற்றோர் திரண்டனர், தெருக்களை மறித்தனர், அரசு இறங்கிவந்தது. அந்நாட்டின் இன்றைய மிதிவண்டிப் பாதைகளுக்குப் பின்னே அப்பெற்றோரின் கண்ணீர் இருக்கிறது. "விபத்து" என்ற சொல்லை மறுத்ததே அவர்களது முதல் வெற்றி.

சட்டம் என்ன செய்கிறது? அசட்டையால் மரணம் விளைவிப்போருக்குப் பழைய தண்டனைச் சட்டம் இரண்டாண்டு வரை சிறை விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை ஐந்தாண்டு வரை உயர்த்தியது. தகவல் கொடாது தப்பி ஓடுவோருக்குப் பத்தாண்டு வரை என்ற உட்பிரிவோ, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்னும் அவர்களது அச்சம் பொய்யன்று. ஆனால் அடுத்த காவல் நிலையத்துக்குச் சென்று தகவல் கொடுப்பதை எந்தக் கூட்டம் தடுக்கும்?

விழுந்தவரைத் தூக்குவோரைக் காக்க 2019-ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. அவருக்கு அச்சட்டம் சூட்டிய பெயர் நல்ல சமாரியர். அவ்வுவமையை நாம் நன்கறிவோம். எரிகோ சாலையில் அடித்துப் போட்டவர்கள் கள்வர்கள். கண்டும் காணாமல் விலகிச் சென்றவர்கள் வேறு சிலர். இடித்துவிட்டு நில்லாமல் செல்லும் ஓட்டுநரோ அவ்விரு பாத்திரங்களையும் தாம் ஒருவரே ஏற்றுவிடுகிறார்.

அந்த ஓட்டுநர் யாரோ அயலார் என்று எண்ணி அமைதி கொள்ள வேண்டாம், அன்பர்களே. ஒரு தலைமுறைக்கு முன் மிதிவண்டியில் ஆலயம் வந்த நம் குடும்பங்கள் பல இன்று காரில் வருகின்றன. புதிய வண்டி வாங்கியதும் ஆலய முற்றத்தில் நிறுத்தி, பங்குத்தந்தையை அழைத்து மந்திரிக்கச் செய்கிறோம். வண்டிக்குள் இருக்கும் நமக்குத் தீங்கு வரலாகாது என்று வேண்டுகிறோம். அவ்வண்டியால் வெளியே இருப்பவருக்குத் தீங்கு வரலாகாது என்று வேண்டுகிறோமா? ஒப்புரவு அருட்சாதனத்துக்குமுன் மனத்தை ஆய்வு செய்கையில், "இன்று ஒரு மிதிவண்டியை உரசிச் சென்றேன்" என்பது நம்மில் எத்தனை பேரின் நினைவுக்கு வருகிறது? 2007-ஆம் ஆண்டில் திருப்பீடத்தின் அவையொன்று சாலை மேய்ப்புப்பணிக்கென வெளியிட்ட ஏட்டில் ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகளை வகுத்தது. கொல்லாமை அவற்றுள் முதலாவது. சாலையில் வலுக்குறைந்தவரைக் காக்கும் கடமையும் அவற்றுள் ஒன்று. எத்தனை பங்குகளில் இவை வாசிக்கப்பட்டன?

நாம் கேட்பவை அரியவை அல்ல. மக்களும் ஊர்திகளும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் உலக நாடுகளுக்கு வலியுறுத்தியது. அருவி நாடி ஊர்திகள் குவியும் சாரல் காலத்திலும், ஐயப்ப பக்தர்கள் நீராட வரும் கார்த்திகை, மார்கழியிலுமாவது மேலகரத்துச் சாலையில் அவ்வரம்பு செயல்பட வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பள்ளம் நிரவப்பட வேண்டும். பள்ளி விடும் அரைமணி நேரத்தில் கனரக ஊர்திகள் ஒதுங்கி நிற்க வேண்டும். இவற்றைப் பேரூராட்சியிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கேட்போம். நம்மிடமே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: முந்திச் செல்ல இடமில்லையேல் மிதிவண்டியின் பின்னே பொறுமையுடன் செல்வோம். அதனால் இழப்பது அரை நிமிடம்.

சாலையில் மாண்டோரை நினைவுகூரும் உலக நாளாக நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் ஏற்றது. இறந்தோருக்காக நாம் வேண்டும் மாதமும் அதுவே. அந்த ஞாயிறன்று அவர்களுக்காகவும் மன்றாடுவோம். மன்றாடிவிட்டு ஆலயத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கையில், "பாத்து வரக் கூடாதா?" என்னும் கேள்வியை நம்மை நோக்கியே ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அன்று சேற்றில் விழுந்து, ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அம்மாணவிக்கு நாம் கடன்பட்ட பதில் அதுதான்.